புறக்கோட்டையோடு முடியாத கொழும்பு: நம்ம ஊருக்கு வருகிறவர்களுக்கு எதைக் காட்டப் போகிறோம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. விடுமுறை நாளில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசித்த பிறகு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொழும்பில் என்ன பார்க்கலாம் என்று வெளிநாட்டவர் ஒருவர் தேடினால் கிடைக்கும் பட்டியல் நமக்கு மனப்பாடம். காலிமுகத்திடல், கங்காராமை, சுதந்திர சதுக்கம், தாமரைக் கோபுரம், துறைமுக நகரம், கடைசியில் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளி. கப்பலில் வந்து ஒரே நாளில் திரும்புகிறவர்கள் அந்தப் பள்ளிக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு முச்சக்கர வண்டியில் ஏறித் தெற்குப் பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களுடைய வரைபடம் அங்கே முடிகிறது. அதற்கு வடக்கே செட்டியார் தெரு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி என்று ஒரு பழைய நகரமே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கொழும்பு 13, கொழும்பு 15 என்றால் பத்திரிகையில் வருவது போதைப்பொருள், துப்பாக்கிச் சூடு, பொலிஸ் சுற்றிவளைப்பு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகத்துவாரம் என்று முகவரி எழுதத் தயங்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதையையே நாமும் நம்பத் தொடங்கியதன் விளைவு அது. எனவே சிவப்புப் பள்ளியில் இருந்து களனி கங்கை கடலில் விழும் இடம் வரை, ஏறத்தாழ ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தை, ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு நடப்பது போல இந்தப் பதிவில் நடந்து பார்ப்போம். விருந்தாளிக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

நமக்குத் தெரிந்த மிகப் பழைய சுற்றுலாப் பயணிகளில் ஒருவரில் இருந்து தொடங்கலாம். மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தென்கரை வழியாகத் திரும்பும்போது கலன்பு என்ற ஊருக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். இந்தத் தீவின் அழகான, பெரிய ஊர்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார். ஜாலஸ்தி என்ற அதிகாரி அங்கே இருந்தார் என்றும், அவரிடம் சுமார் 500 அபிசீனியப் போர்வீரர்கள் இருந்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேயர் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ 160 வருடங்களுக்கு முந்திய செய்தி இது. கொழும்பை ஐரோப்பியர் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் இந்த ஓர் ஆண்டை நினைவில் வைத்திருந்தால் போதும்.

கொழும்பு என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. களனி ஆற்றின் துறை என்ற பொருளில் கொலோன் தொட்ட என்பதில் இருந்து வந்தது என்பது அவற்றில் ஒன்று. அது சரியென்றால் இந்தத் தலைநகரத்தின் பெயரே நம்முடைய ஆற்றில் இருந்து போனதுதான். முகத்துவாரம் என்ற தமிழ்ச் சொல்லுக்கும் மோதர என்ற சிங்களச் சொல்லுக்கும் ஆற்றுவாய் என்பதே பொருள். ஆங்கிலத்தில் மட்வால் என்று எழுதுவது நம் முகத்துவாரத்தை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்றதால் வந்தது.

*

சிவப்புப் பள்ளிக்கு வருவோம். ஜாமிஉல் அல்பார் என்பது அதன் பெயர். நம் மூத்தவர்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்கள் 1908இல் வேலையைத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. இந்தோ சரசெனிக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து, அவற்றை வைத்து அவர் போட்ட திட்டம்தான் இந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் மாதுளம்பழம் போன்ற குமிழ்களும். உயரமான கட்டடங்கள் வராத காலத்தில் கடலில் வரும் மாலுமிகள் இந்தக் கோபுரங்களைப் பார்த்துத்தான் கொழும்பு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்களாம். பின்னர் பக்கத்துக் காணிகள் வாங்கப்பட்டு, இன்று பல ஆயிரம் பேர் தொழும் அளவுக்குப் பள்ளி விரிந்திருக்கிறது.

இந்த அழகைக் காட்டிவிட்டு விருந்தாளிக்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சியில் இருந்த பகுதிகளில் இருந்து சோனகர்களை வெளியேற உத்தரவிட்டார்கள். கண்டி அரசன் செனரத் அடைக்கலம் கொடுத்து அவர்களில் பெருந்தொகையானோரைக் கிழக்கில் குடியேற்றினான். பிறகு வந்த ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு, காணி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தத் தடை பிரித்தானியர் ஆட்சியில், 1830களில்தான் நீங்கியது. ஒரு காலத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க முடியாத அதே புறக்கோட்டையில், முக்கால் நூற்றாண்டு கழிந்து இப்படியொரு பள்ளி எழுந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவனுக்கு அந்தச் சிவப்பு வேறு மாதிரித் தெரியும்.

பிரதான வீதியில் இறங்கி நான்காம் குறுக்குத் தெருச் சந்திக்கு நடந்தால் கெய்மன்ஸ் கேட் மணிக்கோபுரம். கெய்மன் என்பது ஒல்லாந்தர் மொழியில் முதலை. கோட்டையைச் சுற்றியிருந்த நீர்நிலைகளில் முதலை இருந்ததால் இந்த வாசலுக்கு அந்தப் பெயர். இன்று அந்த இடத்தில் கைவண்டி தள்ளுகிற நாட்டாமைமாரின் குரலில் மணி அடித்தாலும் கேட்காது. சற்று உள்ளே, பிரின்ஸ் வீதியில், பெரிய தூண்களோடு நிற்பது ஒல்லாந்தர் நூதனசாலை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேசாதிபதி தோமஸ் வான் ரீ வாழ்ந்த மாளிகை. பிற்காலத்தில் வைத்தியசாலையாகவும் தபால் நிலையமாகவும் இருந்து, 1982இல் நூதனசாலையானது. திருத்த வேலைகளுக்காக மூடிவைக்கும் காலமும் உண்டு. போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

*

அங்கிருந்து செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் கடல் தெரு என்று பெயர், ஆனால் கடலைத் துறைமுகம் மறைத்துவிட்டது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு நகை எடுக்காத குடும்பம் கொழும்பில் குறைவு. நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் விழாவில் வேல் தாங்கிய தேர் இங்கிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்.

சற்று மேலே ஏறினால் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம். 1749இல் வேலை தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். சிலுவை வடிவம், ஏறத்தாழ ஐந்தடிச் சுவர், நடுப்பகல் வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பெயரின் பொருள். நம் நாட்டில் ஓநாய் ஏது? இங்கே ஊளையிட்ட நரிகளை ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள் என்பார்கள். கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் கல்லறைக் கற்கள் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன. பெரிய பெரிய தேசாதிபதிமாரின் பெயரும் விருதும் வெட்டிய கற்கள் அவை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆராதனை நடக்கிறது. நம்முடைய வீடுகளில் இருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற இந்தக் கட்டடத்துக்குள் நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருக்கிறோம்?

கீழே இறங்கிக் கொச்சிக்கடைப் பக்கம் வந்தால் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொன்னம்பல முதலியார் அமைத்தது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்க முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். கொழும்பின் உப்புக்காற்றிலும் அசையாத தூண்கள். உள்ளே மின்விளக்கை விட எண்ணெய் விளக்கின் வெளிச்சமே நினைவில் நிற்கும்.

இராமநாதன் என்றதும் நம் சமூகத்தில் படித்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று 1888இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அதை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல் கொழும்பில் வெளிவந்தது. அதாவது இங்கே கோயிலுக்குக் கல் இறங்கிய அதே ஆண்டில் அங்கே மறுப்பு நூல் அச்சில் ஏறியிருக்கிறது. கடுமையான வாதம் அது, நம் அடையாளத்தைப் பற்றிய வாதம். ஆனால் எழுத்தால் எழுத்துக்குப் பதில் சொன்னார்கள். இன்று முகநூலில் சண்டை பிடிக்கும் நாம் அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

*

கோயிலுக்கு அருகில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அந்தோனியோ என்ற குருவானவர் ஒளிந்து வாழ்ந்து இங்கிருந்த மீனவர்களுக்காகக் கடலரிப்பைத் தடுக்கப் பிரார்த்தித்தார் என்ற கதையில் இருந்து தொடங்குகிறது இதன் வரலாறு. செவ்வாய்க்கிழமைகளில் வரும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தவரையும் காணலாம். பிள்ளைக்கு வருத்தம் என்றால் இங்கே மெழுகுதிரி கொளுத்திய முஸ்லிம் தாய்மாரையும் இந்தத் தெரு பார்த்திருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, ஆராதனை நேரத்தில் இங்கே குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் இறந்தவர்கள் 260க்கு மேல். செய்தவர்கள் நம்முடைய பெயர்களைத் தாங்கியவர்கள். அவர்களுடைய உடல்களை எந்தப் பள்ளிவாசலும் ஏற்காது என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆனாலும் அடுத்து வந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று இந்தத் தெருக்களில் வாழ்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பல வருடம் ஒரே சுவரைப் பகிர்ந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பப் பயந்தோம். அவர்களுக்கும் தங்கள் பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பப் பயம். கடற்படையினர் திருத்தி முடித்த ஆலயம் 2019 ஜூன் 12 அன்று, அந்தோனியார் பெருநாளுக்கு முதல் நாள், மீண்டும் திறக்கப்பட்டது.

வெளியூரில் இருந்து வரும் விருந்தாளிக்கு இந்த இடத்தில் சொல்லாமல் கடந்துபோக முடியாது. மற்றவர் வாயால் கேட்பதை விட நம் வாயால் கேட்கட்டும். சப்பாத்தைக் கழற்றி, தொப்பியோடு போனாலும் பரவாயில்லை, உள்ளே போய் அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள்.

*

கொட்டாஞ்சேனைக்குள் நுழையும்போது வானத்தில் முதலில் தெரிவது புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம். 1870களில் தொடங்கிய கட்டுமானம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீண்டது. கொழும்புப் பேராயரின் பீடம் இங்கேதான் இருக்கிறது.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் தீபதுத்தாராமய விகாரை. கொழும்பின் மிகப் பழைய விகாரைகளில் ஒன்று. 1873 பாணந்துறை விவாதத்தில் பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம். 1883 மார்ச் 25, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு. விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலம் இந்தப் பேராலயத்துக்கு அருகே தாக்கப்பட்டது. கொட்டாஞ்சேனைக் கலவரம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். அந்தக் கலவரத்துக்கு நியாயம் கேட்கப் போன முயற்சியின் தொடர்ச்சியாக 1885இல் வெசாக் பௌர்ணமி விடுமுறை நாளானது. அந்த ஆண்டு ஏப்ரல் 28 வெசாக் நாளில் பௌத்தக் கொடி பகிரங்கமாக ஏற்றப்பட்டதும் இதே விகாரையில்தான். இன்று உலகம் முழுவதும் பறக்கும் கொடி நம்ம கொட்டாஞ்சேனையில் ஏறியது.

விகாரையில் உள்ள தூபி இலங்கைத் தூபி மாதிரி இருக்காது. கவனித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் சீயத்தின் தூதுவராக இருந்த அரச குடும்பத்து இளவரசர் பிரிஸ்தாங் இலங்கையில் துறவியாகி இந்த விகாரையில் இருந்தார். 1908இல் தாய்லாந்துப் பாணியில் அந்தத் தூபி எழுந்தது.

*

இந்த இடத்தில் நடையை நிறுத்தி, ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கலாம். கருங்கல் கோயில் 1907 முதல் 1912. தாய்லாந்துத் தூபி 1908. சிவப்புப் பள்ளி 1909. பேராலயத்தின் கட்டுமானம் நிறைவடைந்ததும் ஏறத்தாழ அதே காலம். நான்கு சமயத்தவரும், கூப்பிடு தூரத்தில், ஒரே தலைமுறையில் கட்டியிருக்கிறார்கள். ஏன் அப்போது?

பதில் துறைமுகத்தில் இருக்கிறது. முன்பு தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்பில் கப்பல் நிற்க முடியாது. பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போகும். 1875 டிசம்பர் 8 அன்று வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார். பொறியியலாளர் சேர் ஜோன் கூட் திட்டமிட்ட தென்மேல் சுவர் 1885இல் முடிந்தது. சுயஸ் கால்வாய் 1869இலேயே திறந்திருந்தது. ஐரோப்பாவில் இருந்து கிழக்கே போகும் கப்பல்கள் கொழும்பில் நின்று நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றத் தொடங்கின. காலியின் காலம் முடிந்தது. செட்டியார், சோனகர், போரா, மேமன், பார்சி, மலாயர், கொச்சிக்காரர், பறங்கியர், கரையோர மீனவர் என எல்லாருக்கும் இந்தத் துறைமுகத்தில் ஏதோ ஒரு பிழைப்பு இருந்தது. அந்த வருமானமே கல்லாகவும் செங்கல்லாகவும் எழுந்தது. புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம்கூட, எண்ணெய் ஆலை நடத்திய பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் தகப்பனார் நினைவாக எழுப்பியது.

நம் சமூகத்தின் கல்வி விழிப்பும் இதே காலத்தில் வந்தது. எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்த அராபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு இதே துறைமுகத்தில் இறங்கினார். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய எம். சி. சித்திலெப்பை, 1884இல் கொழும்பில் முஸ்லிம் ஆண்பிள்ளைகளுக்கான பாடசாலையை ஆரம்பித்தார். இன்றைய ஹமீத் அல் ஹுஸைனி அதுதான். 1892இல் ஸாஹிரா வந்தது.

ஆனால் அதே தாளில் வேறு ஆண்டுகளையும் எழுத வேண்டும். 1883 கொட்டாஞ்சேனை. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிச் சில நாட்களில் கொழும்புக்கு வந்த கலவரத்தில் முதல் இலக்கானவர்கள் சிவப்புப் பள்ளியைக் கட்டிய அதே இந்திய முஸ்லிம் வியாபாரிகள். பள்ளி எழுந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. 1983 ஜூலையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தன. 2019ஐ மேலே சொன்னோம். ஒவ்வொரு தடவையும் அடிபட்டவர்கள் மாறியிருக்கிறார்கள், அடித்தவர்களும் மாறியிருக்கிறார்கள். தெருக்கள் மட்டும் இவைதான்.

நம்ம ஊரில் எல்லா மதமும் ஒற்றுமை என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். இங்கே ஒற்றுமை தானாக இருந்ததில்லை. எரிந்த பிறகு ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் கடையைத் திரும்பத் திறந்து, பக்கத்து வீட்டுக்குத் தட்டில் வட்டிலப்பம் அனுப்பி, நத்தாருக்குக் கேக் வாங்கி, தொடக்கத்தில் இருந்து கட்டியிருக்கிறார்கள். கோபுரங்களைக் கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. தட்டுக் கொண்டுபோனவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

*

இனி நம் சொந்த மண். அளுத்மாவத்தை வழியாக வடக்கே வந்தால் முகத்துவாரம். இங்குள்ள கிறைஸ்ட் தேவாலயம் 1854இல் திறக்கப்பட்டு, 1973 வரை அங்கிலிக்கன் சபையின் கொழும்புப் பேராலயமாக இருந்தது. அதன் அருகே 1851இல் ஆயர் ஜேம்ஸ் சப்மன் தொடங்கிய பாடசாலைதான் பரி. தோமாவின் கல்லூரி. இன்று கல்கிசையில் இருக்கும் அந்தப் பெரிய கல்லூரி 1918 வரை முகத்துவாரத்தில் இருந்தது. துறைமுக இரைச்சலும் நிலக்கரித் தூசும் தாங்காமல் இடம் மாறியது. சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க படித்தது முகத்துவாரத்தில் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். நம்பமாட்டார்கள்.

எலிஹவுஸ் என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் எலி வீடு என்று சிரிப்பார்கள். பிரித்தானியரின் குடியேற்றச் செயலாளராக இருந்த பிலிப் அன்ஸ்ட்ரதர் கட்டிய மாளிகை அது. ஸ்கொட்லாந்தில் உள்ள ஈலி என்ற ஊரின் பெயர் நம் வாயில் எலியாகிவிட்டது. மாளிகை போய், குன்றின் மேல் நகரத்துக்கான நீர்த்தேக்கம் வந்தது. விஸ்ட்வைக் வீதியின் பெயர் ஒல்லாந்துத் தேசாதிபதி பெட்ரஸ் வூயிஸ்டின் சுவடு என்பார்கள். கொடுமைக்குப் பெயர்போன அவரை அவருடைய கம்பனியே விசாரித்து 1732இல் பத்தாவியாவில் மரண தண்டனை கொடுத்தது. புளூமெண்டால் என்றால் பூக்களின் பள்ளத்தாக்கு. அந்தப் பெயரின் மேல்தான் நம் காலத்தில் குப்பை மலை வளர்ந்தது.

ஆற்றோரமாகப் போனால் கிராண்ட்பாஸ். பெரிய துறை என்ற போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்த பெயர். 1822இல் இங்கே படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை பாவிய பாலம் ஒன்று இருந்தது. ஓடங்கள் போக வேண்டுமென்றால் நடுப் படகுகளை விலக்குவார்கள். 1895இல் விக்டோரியாப் பாலம் வந்த பிறகு அது மறைந்தது. மழைக்காலத்தில் செய்தியில் நாகலகம் வீதி நீர்மட்டம் என்று கேட்பீர்களே, அது இந்தப் பகுதிதான். கொழும்பின் வெள்ளத்தை நம் தெருவில் நட்ட அளவுகோலில்தான் பார்க்கிறார்கள்.

முகத்துவாரம் காளி கோயிலுக்குச் சிங்களவரும் தமிழரும் நாடெங்கும் இருந்து வருகிறார்கள். மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போனால் படகுகள் வந்து மீன் இறக்குவதைப் பார்க்கலாம். கடைசியில் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா. அஸர் தொழுதுவிட்டுப் போனால் ஆறு கடலோடு கலப்பதையும் சூரியன் இறங்குவதையும் ஒன்றாகப் பார்க்கலாம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கிய கரை இது. நம் மீனவர்கள் நாள்கணக்காகக் கடலுக்குப் போகாமல் இருந்ததும் இந்த ஊர் வரலாறுதான். அதையும் விருந்தாளிக்குச் சொல்லுங்கள்.

*

கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள். புறக்கோட்டையில் லொறி நெரிசல் கூடுவதற்கு முதல் பழைய கட்டடங்களின் மேல்மாடிகளை நிமிர்ந்து பார்க்கலாம். கீழே கடைப் பலகை மறைத்தாலும் மேலே பழைய சாளரங்கள் இருக்கின்றன.

சிவப்புப் பள்ளிக்குத் தொழுகை நேரத்திலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் பார்வையாளரைக் கூட்டிப் போகாதீர்கள். பெண்கள் தலைக்கு ஒரு துணி கொண்டுவரட்டும். கோயிலிலும் விகாரையிலும் செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மறையும்படி போகட்டும். படம் எடுக்கலாமா என்று எல்லா இடத்திலும் கேட்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்க விடாதீர்கள்.

ஒரே நாளில் முழுவதும் நடக்க முடியாது. முதல் நாள் புறக்கோட்டையில் இருந்து கொட்டாஞ்சேனை. இரண்டாம் நாள் பின்னேரம் முகத்துவாரத்தில் இருந்து காக்கைத்தீவு. நோன்பு மாதத்தில் வந்தால் புதுக்கடை, வாழைத்தோட்டம் பக்கம் இரவில் கூட்டிப் போங்கள். ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி கொடுத்துப் பேசினால் எந்த நூதனசாலையும் சொல்லாத கதை வரும்.

நம் ஒழுங்கைகளையும் வீடுகளையும் கேட்காமல் படம் எடுக்க எவரையும் விடாதீர்கள். வறுமையைக் காட்டுவதற்காக யாரையும் கூட்டி வரத் தேவையில்லை.

*

கடைசியாக நம் ஊராரிடம் ஒரு வேண்டுகோள்.

பழைய தோட்டங்கள் உடைக்கப்பட்டு, குடும்பங்கள் மாடிவீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்கான வீட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு தோட்டம் போனால் அதன் பெயரும், அங்கே இருந்த பைப்படியும், பெருநாளைக்கும் நத்தாருக்கும் ஒன்றாகப் பந்தல் போட்ட கதையும் சேர்ந்து போகின்றன. பத்தாவது மாடியில் பிறக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

எனவே ஆசிரியர்களாகிய நாம் ஆண்டு எட்டு, ஒன்பது பிள்ளைகளுக்கு விடுமுறைப் பயிற்சியாக இதைக் கொடுக்கலாம். வீட்டில் உள்ள மூத்தம்மா, மூத்தாப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி, எதிர்வீட்டு அன்ரி ஆகியோரிடம் மூன்று கேள்வி. இந்த ஒழுங்கைக்கு முன்பு என்ன பெயர்? இங்கே முதலில் என்ன இருந்தது? கலவர நாட்களில் யார் யாரைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்? பதிலைத் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். மூன்றாம் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களை மட்டும் சேர்த்தாலே நமக்கு ஒரு புத்தகம் ஆகும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் தேவாலயச் சபைகளும் அறநெறிப் பாடசாலைகளும் சேர்ந்து வருடத்தில் ஒரு நாள் இந்தப் பாதையில் பிள்ளைகளைக் கலந்து நடக்கவிடலாம். சிவப்புப் பள்ளியைப் பற்றிக் கத்தோலிக்கப் பிள்ளை சொல்லட்டும். பேராலயத்தைப் பற்றி நம் பிள்ளை சொல்லட்டும். அப்படிச் சொல்லிப் பழகியவர்களில் இருந்து நாளைக்கு நான்கு வழிகாட்டிகள் வந்தால், கப்பலில் வருகிறவர்களின் காசில் கொஞ்சமாவது கொழும்பு 15க்கும் வந்து சேரும்.

உங்களிடம் பழைய படங்கள், பழைய தெருப் பெயர்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இடம் மாறிப்போன நம் பழைய அயலவர்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள். அவர்களிடம்தான் மிச்சக் கதை இருக்கிறது.